ஐந்நூற்று மூன்றாவது பெயர்

மணியம் தன் கைபேசியைக் கொண்டுவந்து மகளின் கீபோர்டு மேலேயே வைத்தார். பாதி எழுதியிருந்த நிரலுக்குள் என்னென்னவோ எழுத்துகள் ஓடின.

"இது வேல செய்யுதான்னு பாரும்மா."

ஷாமினி எரிச்சலோடு நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. காலையில்தான் லுக்குட்டில் சைபுதீன் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிட, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போன மனிதர் அவர்.

"ஏன்பா, என்னாச்சு?"

"சன்னாசி செத்துட்டானாம். நேத்து ரெண்டு மணிக்கு எடுத்துட்டாங்களாம். சைபுதீன் கேக்குறாரு, 'என்னாண்ணே, சாவுக்குக்கூடவா கோவம்'னு. அவன் பெண்டாட்டி பஞ்சாலை, நா வருவேன்னு அரமணி நேரம் பெட்டிய மூட விடலையாம்."

சன்னாசியும் அவரும் புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் முப்பது வருஷம் ஒன்றாகச் செம்பனைக் குலை வெட்டியவர்கள். போன தீபாவளிக்குக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் வாய் தடித்துப் பேச்சு நின்றுபோனது. ரெண்டு கிழங்களும் வீம்பு பிடித்தவை. என்றாலும் சாவுக்குப் போகாமல் இருக்கிற ஆள் இல்லை மணியம். அது அவர் மகளுக்குத் தெரியும். சன்னாசியின் பெண்டாட்டி பஞ்சாலைக்கும் தெரியும், அதனால்தான் காத்திருந்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் போன்ல வந்துச்சாம்லா. எனக்கு வரலன்னா எவன் நம்புவான்?"

தோட்டத்து ஆட்கள் இப்போது சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் என்று சிதறிக்கிடக்கிறார்கள். நல்லது கெட்டதைச் சொல்லக் கோயிலுக்கென்று ஓர் ஆப் வந்ததிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. ஷாமினி அதைத் திறந்து பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன் அவரைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு செய்திகூட வந்திருக்கவில்லை. தோட்டத்தில் ஒன்றும் விசேஷமில்லை போல என்று மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கீழே சின்னதாக, உறுப்பினர் எண் 503.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஷாமினி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஏன் என்று சொன்னால் அவளை ஏசுவீர்கள். ஏசுங்கள், அவளும் தன்னை ஏசிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ஆப்பைச் செய்தவன் புவனேஸ்வரன். அதே தோட்டம், அதே தமிழ்ப்பள்ளி, அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே. கோலாலம்பூர் கம்பெனியில் ஆள் கேட்டபோது அவன் பெயரைச் சொல்லி இழுத்துவிட்டதே இவள்தான். கடைகளும் பள்ளிகளும் தங்கள் ஆட்களின் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்ப, அந்தக் கம்பெனியின் சர்வரைத்தான் கேட்கும். கேட்கிறவன் எந்த மொழியில் நிரல் எழுதினாலும், அந்த மொழியில் அவன் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்ள ஓர் ஆயத்த நிரல், அதாவது லைப்ரரி, செய்து கொடுக்க வேண்டும். பிஎச்பி மொழிக்கு ஷாமினி செய்தாள், மூன்று வருஷத்துக்கு முன், ஒண்டி ஆளாக. பைத்தானுக்கு அவன் போன வருஷம் செய்தான். உடனே ஆபீஸே அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. எவ்வளவு சுத்தம், எவ்வளவு அழகு! இணையத்தில் அவனுடையதற்கு ஆயிரத்து நானூறு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இவளுடையதற்கு அறுபத்தொன்று. அதில் ஒன்று இவளே போட்டது.

போதாக்குறைக்கு வீட்டிலும் அதே பாட்டு. "நம்ம புவனேசு கோயிலுக்கு என்னா அழகா செஞ்சிருக்கான் பாரு, நீ ஏம்மா செய்யல?" வயிறு எரியாதா? எரிந்தது. அதனால்தான் அப்பாவை அந்த ஆப்பில் சேர்க்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தாள். ஐந்நூறு பேர் சேர்ந்து முடித்த பிறகு அவரைச் சேர்த்தாள்.

சேர்த்த மறுவாரம் ஆபீஸில் ஓர் உத்தரவு. புவன் எழுதியதைப் பார்த்து பிஎச்பியையும் அதே மாதிரி மாற்று என்று. அவனைப் பார்த்து இவள் எழுத வேண்டுமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு அவன் நிரலை வரிவரியாகப் படித்தாள். குற்றம் கண்டுபிடிக்கவென்றே படித்தாள், கிடைத்தது. ஒரே தடவையில் ஐந்நூறு பேருக்குத்தான் அனுப்ப முடியும், அதற்கு மேல் போனால் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிக்க வேண்டும். அவன் பிரிக்கிறபோது கடைசியில் மிஞ்சும் சில்லறை ஆட்களைக் கீழே விட்டுவிடுகிறான். ஐந்நூறு, ஆயிரம் என்று மிச்சமில்லாமல் பிரியும் எண்களை வைத்தே சோதித்திருக்கிறான், அதனால் அவனுக்குத் தெரியவில்லை. லட்சம் பேருக்கு அனுப்புகிற கடைக்காரனுக்கு நூறு பேர் குறைந்தால் தெரியவா போகிறது?

அவள் நிரலில் அதைச் சரியாக எழுதினாள். அவனிடம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் பெரிய வாடிக்கையாளன் எவனாவது கத்துவான், ஆபீஸே பார்க்க அவன் முழிப்பான் என்று காத்திருந்தாள். மூன்று வாரம். காலையில் தேத்தண்ணி குடிக்கிறபோது அதை நினைத்தால் இனிப்பாகக்கூட இருந்தது. கோயில் ஆப்பும் அதே நிரலில்தான் ஓடுகிறது என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

அப்பா சமையலறையில் நின்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. ஷாமினி புவனேஸ்வரனைப் போனில் கூப்பிட்டாள். தப்பு எந்த வரியில் என்று சொன்னாள். அவன் அந்த வரியைத் தேடி வாய்விட்டுப் படித்தான்.

"ஐயோ அக்கா. ஆமாலா. நீங்க இல்லன்னா நா அவுட்டு." டப்டப்பென்று தட்டுகிற சத்தம் கேட்டது. "இருங்க, இப்பவே மாத்திடுறேன். விட்டுப்போனவங்களுக்கும் திரும்ப அனுப்பிடுறேன். அக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், சரியா? எப்பக்கா பாத்தீங்க?"

"இப்பத்தான்," என்றாள் ஷாமினி.

பத்து நிமிஷத்தில் மேசைமேல் இருந்த அப்பாவின் கைபேசி அடித்தது. நிற்காமல் மறுபடி மறுபடி அடித்தது. குழாயில் தண்ணீர் நிற்கும் நாள், கமிட்டிக் கூட்டம், யார் வீட்டிலோ காதுகுத்து, ஒரு மாதத்துச் செய்தியெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. மணியம் ஓடிவந்து எடுத்தார். கடைசியாக வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சன்னாசி காலமானார். இறுதிச் சடங்கு... இன்று மதியம் இரண்டு மணிக்கு." நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கின்னு போட்டிருக்கேம்மா."

"அது நேத்து வர வேண்டியதுப்பா. புவன் எழுதினதுல ஒரு தப்பு."

"தப்பா? அப்ப என் மேல இல்லியே?" அவர் முகம் பளிச்சென்றது. உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "கெளம்பு. பஞ்சாலை வீட்டுல ஊரே இருக்கும். நா சொன்னா நம்பமாட்டாங்க, கம்ப்யூட்டர் படிச்சவ நீ சொன்னா நம்புவாங்க. அந்தப் பையன் செஞ்ச தப்புதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

மூன்று வாரமாக அவள் ஆசைப்பட்டது அதற்குத்தானே. ஊரே கூடியிருக்க, புவனேஸ்வரன் பெயரைச் சொல்லி, செய்தது அவன் என்று காட்ட. ஆனால் மூன்று வாரமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் இவள்.

வெளியே மோட்டாரை உதைத்துவிட்டு அப்பா இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினார். ஷாமினி வாங்கித் தலையில் கவிழ்த்தாள். தாடைக்குக் கீழே வாரைப் பிடித்து மாட்டப் பார்த்தாள். இரண்டு தடவை முயன்றும் கொக்கி சேரவில்லை.

"மாட்டிட்டியாம்மா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.