வரிசைக் கிணறு

மாதேப்பள்ளி ஸ்டேஷனில் ரயில் நின்றுபோய்ப் பதின்மூன்று வருஷமாயிற்று. வண்டி நின்றது மட்டுமல்ல, உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகிற சின்ன வண்டி அது. வேறு ஊராக இருந்தால் ஸ்டேஷன் கதவு ஜன்னலையெல்லாம் கழற்றி அடுப்பில் வைத்திருப்பார்கள். மாதேப்பள்ளிக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பார்சல் அறையில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தண்டவாளம் கிடந்த மேட்டில் மாட்டுவண்டி ஓட்டி, அதே வழியாகப் புளியை ஓசூர்ச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனை நம்பி முளைத்த நாற்பது வீட்டில் ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சுரம் உள்ள ஜனங்கள்.

எல்லாவற்றையும்விட அவர்கள் கட்டிக் காத்தது கிணற்றைத்தான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வெட்டியது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தீர்த்தகிரி அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். டிக்கெட் வாங்க நிற்கிற மாதிரி குடங்களை வரிசையாக வைக்க வேண்டும். முதலில் வந்த குடத்துக்கு முதல் தண்ணீர். பண்ணை வீட்டுப் பித்தளைக் குடமானாலும் சரி, கூலிக்காரத் தெரு மண்குடமானாலும் சரி. முந்தப் பார்க்கிற குடம் கடைசிக்குப் போகும். ஆரம்பத்தில் பண்ணை வீட்டார் முகத்தைச் சுளித்து ஒதுங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு கோடையில் ஊர்க் கிணறெல்லாம் வறண்டுபோயின. நாக்கு வறண்டால் வீறாப்பு எத்தனை நாளைக்கு? வந்து நின்றார்கள். தீர்த்தகிரி மாற்றலாகிப் போனார், ரயிலும் போனது, சட்டம் போகவில்லை.

அதற்கு இப்போது காவல் நஞ்சம்மா. அங்கே பம்பு ஓட்டி, காய்ச்சலில் இறந்துபோனவனின் பெண்டாட்டி. கூலிக்காரத் தெருக்காரி. கல்யாணமான புதிதில் ஊர்க் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்று, யாராவது புண்ணியவதி ஒரு குடம் ஊற்றமாட்டாளா என்று அரை நாள் வெயிலில் காய்ந்தவள். தீண்டாமை ஒழிந்துவிட்டதாக இப்போது சட்டம் வந்திருக்கிறதாம். ஊர்க் கிணற்றுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ரயில் கிணற்றில் மட்டும் நஞ்சம்மா தன் கையாலேயே தண்ணீர் இறைத்தாள்.

ரயில்வே ஆபீசர் ஒருவர் வெள்ளிக்கிழமை வரப்போகிறார் என்று தபால்காரர் கங்கப்பன் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. ரயில்வே ஆபீசர் எதற்கு வருவார்? ரயில் விடத்தான் வருவார். பாவம், வேறு எந்த ஊருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. மூன்று நாளில் இரண்டு மைல் மேட்டில் முள்செடி ஒன்றில்லாமல் வெட்டிச் சாய்த்தார்கள். ஸ்டேஷனுக்குச் சுண்ணாம்பு அடித்து வாழைமரம் கட்டினார்கள். புளி வியாபாரி வெங்கடப்பன் கடையைச் சாத்திவிட்டு மேளக்காரரை அழைத்து வந்தார்.

ஜீப்பில் வந்து இறங்கிய ஆபீசர் மாலையும் மேளமும் பார்த்துத் திகைத்துப் போனார். நல்ல மனுஷர். கூசிக் கூசித்தான் உண்மையைச் சொன்னார். ரயில் வரப்போவதில்லை. உபயோகம் இல்லாத இந்த இடத்தைக் கிணற்றோடு ஏலம் விட வேண்டும். அளந்து போகத்தான் வந்திருக்கிறார். மேளம் பாதியில் நின்றது. கூட்டத்திலிருந்து பண்ணைக்காரர் கோவிந்தப்பன் முன்னால் வந்து, ஏலம் விடச் சொல்லி மனுப் போட்டவன் நான்தான் என்று கும்பிட்டார். ஸ்டேஷனை ஒட்டிய நிலமெல்லாம் அவருடையது. ஏலத்தில் அவரை மீறிக் கேட்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

நஞ்சம்மா கிணற்றடியில் நின்று இதையெல்லாம் கேட்டாள். கிணறு அவர் கைக்குப் போனால் மறுநாளே வேலி வரும். தன் தெருப் பெண்கள் மறுபடியும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஆபீசர் காலில் விழலாமா என்றுகூட நினைத்தாள்.

அதற்குள் ஜீப் டிரைவர் தகர டின்னோடு கிணற்றுக்கு வந்தான். ஜீப்பில் தண்ணீர் கொதித்து ஆவி வந்துகொண்டிருந்தது. நேரே ராட்டினத்துக்குப் போனவனை நஞ்சம்மா மறித்தாள். பதினோரு குடம் இருக்கிறது, டின்னைக் கடைசியில் வைக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நாராயணம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். நம் பிழைப்பே அந்த மனுஷர் கையில் இருக்கிறது, விட்டுத் தொலை என்று காதோடு சொன்னாள். நஞ்சம்மாவுக்கும் தெரியாமலா? ஆனால் இன்று ஒரு டின்னுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எந்த வாயால் பண்ணைக் குடத்தை மறிப்பது?

கோவிந்தப்பன் ஓடிவந்தார். "ஆபீசரு தண்ணிக்குக் காத்துக் கெடக்கணுமா? தள்ளுடி."

நஞ்சம்மா ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இது ரயில்வே கெணறுங்க. வரிசையும் ரயில்வே வெச்சதுதான். அவுரு ரயில்வேக்காரரு, அவுருக்குத் தெரியும்."

பின்னாலேயே வந்த ஆபீசர் அவளைப் பார்த்தார். பிறகு டிரைவர் கையிலிருந்த டின்னை வாங்கிப் பன்னிரண்டாவதாக வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார்.

நின்றவருக்குப் பொழுது போக வேண்டுமே. கையிலிருந்த மனுவைப் பிரித்துப் படித்தார். படித்தவர் குடங்களைப் பார்த்தார். மறுபடியும் மனுவைப் பார்த்தார். பாழுங்கிணறு, வருஷக்கணக்காக யாரும் புழங்குவதில்லை என்று கோவிந்தப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மண்குடத்தை அடுத்து இரண்டாவதாக ஒரு பெரிய பித்தளைக் குடம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அது யாருடையது என்று ஆபீசர் கேட்டார்.

வரிசையில் நின்ற வெங்கடம்மாள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோவிந்தப்பனின் பெண்டாட்டி.

"எங்குளுதுங்க," என்றாள். "பதினஞ்சு வருசமா நா இங்கதான் மொள்றன். ஏலத்துல வுட்டா எங்க வூட்டுக்காரருதான் எடுப்பாரு. அப்புறம் ஆளு வெச்சுத் தண்ணி வூட்டுக்கே வந்துரும். நா வாசப்படி தாண்ட வேண்டியதில்ல. எனக்கு அது வேணாங்க. நாலு பொம்பளைங்ககிட்ட வாய் தொறந்து பேசறது இங்க மட்டுந்தான்."

ஆபீசர் பேனாவை எடுத்தார். மனுவின் ஓரத்தில், பொதுமக்கள் புழங்கும் கிணறு, பஞ்சாயத்துக்கு ஒப்படைக்கலாம் என்று எழுதி, எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தும் காட்டினார்.

கோவிந்தப்பன் முகம் செத்துப்போயிற்று. "கெளம்பு வூட்டுக்கு," என்றார் பெண்டாட்டியிடம்.

வெங்கடம்மாள் நகரவில்லை. அவளுக்கு முன்னால் இன்னும் ஒரு குடம் இருந்தது, நஞ்சம்மாவுடையது.

"எம்முறை இன்னும் வரலீங்க," என்றாள்.

நஞ்சம்மா வாளியை உள்ளே விட்டாள். அவசரப்படவில்லை. மண்குடம் கழுத்துவரை நிறையும் மட்டும், பெரிய பண்ணைக்காரர் வெயிலில் நின்று காத்திருந்தார்.