கட்டின் மேல் ஒரு வெள்ளை அட்டை

0.

1.

இந்தக் கதை எனக்கு ஓடும் பஸ்ஸில் கிடைத்தது. கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை. பின் இருக்கையில் இரண்டு பெண் குரல்கள், அவ்வளவுதான்.

"அது தப்பு இல்லடி. நான் வச்சது."

"தெரியும் அண்ணி. மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் முகம் வந்துவிடும். முகம் வந்தால் எனக்குக் குரல் போய்விடும். ஆக, அந்த மூன்று வரிதான் அவர்களுடையது. மீதி எல்லாம் என் கைவேலை. குறை இருந்தால் என்னைக் கேளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு மாலையில் பழைய கார்டுக் கட்டுடன் இரண்டு பெண்கள் (நிறுத்து. கார்டை யாராவது மழையில் எடுத்துக்கொண்டு போவார்களா?)

இரண்டாவது: மனித வாழ்வில் மதிப்பு என்பது (இது கதையா, மேடைப் பேச்சா?)

மூன்றாவது நின்றது: அச்சகத்தில் அவளை எல்லோரும் 'நூறு' என்றுதான் கூப்பிட்டார்கள். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் வைக்கும் கால்பந்து வீரர் கார்டுகளை அடித்துக் கொடுத்த அச்சகம் அது. பாக்கெட்டுக்கு ஒரு கார்டு. மொத்த வரிசையும் வேண்டும் என்பவர்களுக்காக, ஒன்று முதல் நூறு வரை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்ட கட்டும் உண்டு. கட்டு போடுவது அவள் வேலை. நீள மேஜையில் நூறு குவியல். சுற்றி ஒரு நடை நடந்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்து வந்தாளானால் நூறு. தொண்ணூற்றொன்பது இல்லை, நூற்றொன்றும் இல்லை.

3.

எல்லாம் ஒரே மை, ஒரே தாள், ஒரே நாளில் அச்சானவை. பிறகு ஏன் ஒன்றுக்கு ராஜமரியாதை, இன்னொன்றை யாரும் சீந்துவதில்லை?

முப்பத்தேழாம் நம்பர், கோல் மேல் கோல் போட்டவர். பிள்ளைகள் அவரை நோட்டுக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். அதனால் இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கிறார். விலை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒன்றாம் நம்பர் ஒரு கோல்கீப்பர், ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டவர். அவரை சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி 'டரடர'வென்று ஓட்டினார்கள். தப்பிய சிலருக்கும் இன்னொரு கண்டம் இருந்தது: ஒன்றாம் நம்பர் என்பதால் கட்டின் மேலே இருப்பவர் அவர்தான், ரப்பர் அவர் விளிம்பைத்தான் கடிக்கும். ஓரம் கெடாத கோல்கீப்பர் ஒருவரை இன்று தேடிப் பாருங்கள், விலை தெரியும்.

நூறுக்கு அந்தக் கடி பொறுக்கவில்லை. வெட்டியதுபோக மிஞ்சும் தாள் ஓரத்தில் அதே அளவு வெள்ளை அட்டை நறுக்கி, கட்டின் மேலே ஒன்று, அடியில் ஒன்று வைத்தாள்.*

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "என்ன இது, அச்சே இல்லாத கார்டு? வாங்கறவன் தப்பு வந்துடுச்சுன்னு திருப்பி அனுப்புவான்."

"என் கட்டு எதையாவது யாராவது திருப்பி அனுப்பியிருக்காங்களா சார்?"

"இனிமே அனுப்புவான். எல்லாத்தையும் உருவிப் போடு."

உருவினாள். முந்தின நாளே கடைக்குப் போய்விட்ட சில கட்டுகள் தப்பின. அதில் ஒன்றைக் கடையிலேயே வாங்கித் தன் நாத்தனாருக்குக் கொடுத்தாள். அவளுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாது. பிரிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டாள்.

* இந்த இடத்தில் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. "ஒரு கார்டுக்கு இவ்வளவு கவலைப்படுவாளா ஒருத்தி?" என்று கேட்டேன். "நீ ஒரு கமாவுக்கு அரை நாள் உட்கார்றியே, அது மட்டும் என்னவாம்?" என்றாள்.

4.

இப்போது நாத்தனாருக்கும் தலை நரைத்துவிட்டது. தையல்கடை வைத்திருக்கிறாள். கட்டடத்தை விற்றுவிட்டார்கள், காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு இடம் பார்த்தாயிற்று, முன்பணம்தான் இல்லை. பெட்டியில் கிடந்த கட்டு ஞாபகம் வந்தது. அண்ணியையும் இழுத்துக்கொண்டு பழைய கார்டுகளுக்கு விலை மதிக்கிறவரிடம் போனாள்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு விளக்கை இழுத்தார். ரப்பர் பேண்ட் எப்போதோ இற்றுப் பழுப்புப் பிசினாகி, மேல் அட்டையில் கோடாக ஒட்டியிருந்தது. அந்த அட்டையை இடுக்கியால் தூக்கினார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"மேடம், இது எங்க கிடைச்சுது?"

"என் பெட்டியிலதான். ஏன், பூச்சி அரிச்சிருக்கா?"

"அச்சுல நடந்த தப்பு மேடம்! மை விழாமலே நழுவி வந்த கார்டு. இதுவரைக்கும் நாலுதான் வெளிய வந்திருக்கு. கோல்கீப்பரைவிட இது பத்து மடங்கு போகும்."

மேஜைக்கடியில் நாத்தனார் அண்ணியின் தொடையைக் கிள்ளினாள். கடை கிடைத்துவிட்டது!

"தப்பா?" என்றாள் நூறு.

"அருமையான தப்பு. பேக்கிங் டேபிள்ல யாரோ நல்லாத் தூங்கியிருக்காங்கம்மா. அவங்களுக்குச் சிலையே வைக்கலாம்."

5.

முடிவுகள்.

(அ) நூறு உண்மையைச் சொல்லவில்லை. நாத்தனாருக்குப் புதுக் கடை. முதல் துணி அண்ணிக்குத்தான் தைக்கிறாள். அது தோளில் பிடிக்கிறது.

(ஆ) சொல்லிவிடுகிறாள். "அப்போ இது வெறும் பேக்கிங் அட்டையா?" என்று அவர் விளக்கை அணைக்கிறார். திரும்பும் வழியில் நாத்தனார் ஒரு வார்த்தைகூடப் பேச (அடித்துவிடுங்கள். நான் பஸ்ஸில் கேட்டது பேசிக்கொண்டு வந்தவர்களை.)

(இ) சொல்கிறாள், அவர் எழுந்து கைகுலுக்கி விலையை இரட்டிப்பாக்குகிறார். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

விலையை விடுங்கள். அந்த மேஜையை முப்பத்தோரு வருஷம் சுற்றியவள் என்ன செய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதுகை நிமிர்த்தினாள்.

"தம்பி, யாரும் தூங்கலை. தூங்காததாலதான் அது அங்க இருக்கு. நான் வச்சது."

"அண்ணி..."

"நீ சும்மா இரு. என் வேலையைத் தப்புன்னு சொல்லி விக்கறதைப் பார்த்துக்கிட்டு உட்கார என்னால முடியாது. தம்பி, அதுக்குக் கீழ இருக்கிற கோல்கீப்பரைப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

பார்த்தார். நாலு முனையும் ஊசி மாதிரி இருந்தன. ரப்பர் கடித்ததெல்லாம் வெள்ளையைத்தான்.

"நீங்கதான் வச்சீங்கன்னு எப்படிம்மா நம்பறது?"

"கட்டைத் திருப்புங்க. தப்பு மேலயும் கீழயும் அளவெடுத்து வந்து உட்காருமா?"

நாத்தனார் கிள்ளுவதை விட்டாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு கைகளாலும் கட்டை ஏந்தித் திருப்பினார்.

அடியில் இருந்ததைப் பார்த்து அவர் சொன்ன விலையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். தவறி வந்ததற்கு அதிகமா, நினைத்து வைத்ததற்கு அதிகமா? சொல்லும்போது தையல்கடையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

6.

இந்தக் கதையை வாங்கிய பத்திரிகையிலிருந்து போன் வந்தது.

"அம்மா, மேல பூஜ்யம்னு போட்டு ஒண்ணுமே இல்லையே. விட்டுப்போச்சா? தப்புன்னு எடுத்துடட்டுமா?"

"அதுக்குக் கீழ இருக்கிற ஒண்ணாம் பகுதி எப்படி இருக்கு? எங்கயாவது கசங்கியிருக்கா?"

"இல்லையேம்மா."

"அப்போ அது அதோட வேலையைச் செஞ்சிருக்கு."

"நீங்க தெரிஞ்சேதான் வச்சீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"திருப்பிப் பாருங்க" என்றேன்.

7.