மேனேஜரின் வாழை

கிளாட்வினுக்குக் கிடைத்த வேலை பார்வைக்கு லேசானதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸ். அங்கே தண்ணீர், கரண்ட், கக்கூஸ் எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. இருபத்தைந்து வருஷம் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோய் முழங்கால் தேய்ந்தவருக்கு இதுவே பெரிசு. ஆனால் மேனேஜர் செந்தில்முருகன் முதல் நாளே சொல்லிவிட்டார்: தினம் இரண்டு லாரி தண்ணீர் வாங்குகிறோம், மாசக் கடைசிக்குள் அதை ஒன்றாக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். மறுபடி தோணி ஏற கிளாட்வினின் முழங்கால் இடம் கொடுக்காது. வீட்டில் மனைவி ஆக்னஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

தோணிக்காரருக்குத் தெரிந்த சிக்கனம் ஒன்றே ஒன்று. நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் கடல் இருக்கிறது. மச்சான் ரெக்சனின் குட்டியானை வண்டியில் டிரம் டிரம்மாகக் கடல்நீர் கொண்டுவந்து, கக்கூஸுக்கென்று இருந்த மாடித் தொட்டியில் ஏற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளே ஒரு லாரி போதுமென்றாகிவிட்டது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. காலையில் நிரப்பிய தொட்டி சாயங்காலத்துக்குள் காலி. ஆபீசில் இருப்பதே பதினொரு பேர். இவர்களுக்கு அப்படி என்ன வயிறு என்று கிளாட்வின் நோட்டும் பேனாவுமாகக் கக்கூஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பெருக்க வருகிற கிருபாபாய், "அண்ணே, நீங்க இங்கன உக்காந்திருந்தா வாரதும் வராது" என்று விரட்டிவிட்டாள்.

இரண்டு வாரத்தில் வாழை வாடியது.

ஆபீசுக்குப் பின்னால் நின்ற நாலு வாழையும் மேனேஜருக்கு உயிர். ஒருத்தரும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமலே தளதளவென்று நிற்கிறது, எல்லாம் தன் கைராசி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். தள்ளியிருந்த குலையைக் கோயில் கொடைவிழாவுக்கு வேறு சொல்லிவைத்திருந்தார். இப்போது இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. டிரம் இறங்கியதைப் பார்த்த எவரோ போட்டுக்கொடுக்க, மேனேஜர் ஆபீஸ் மொத்தத்தையும் பின்பக்கம் கூட்டிவந்து நிறுத்தினார். வாழைக்குக் கடல் தண்ணீர் ஊற்றின ஆளுக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

கிளாட்வின் முன்னால் வந்து நின்றார். கக்கூஸ் தொட்டிக்கு ஏற்றியது உண்மை, வாழைப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தார். அப்போதுதான் அவருக்குத் தோணிப் புத்தி வந்தது. தோணியின் அடித்தட்டில் தண்ணீர் கண்டால் முதலில் விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். உப்பென்றால் பலகையில் ஓட்டை, இல்லையென்றால் குடிதண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வாழைத் தூரைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்தார். கிருபாபாய் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"உப்பு கரிக்கு சார். நான் ஊத்தல. கக்கூஸ் தொட்டிக் குழாய் இங்கன உடைஞ்சு கெடக்கு, அதான் தொட்டியில தண்ணி நிக்கல. உங்க வாழை இம்புட்டு நாளும் லாரித் தண்ணியத்தான் குடிச்சிருக்கு."

இன்னும் இரண்டு சாண் தோண்டியதும் குழாய் தெரிந்தது. வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு மேனேஜரின் பேண்ட்டை நனைத்தது. கிருபாபாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேனேஜர் பேண்ட்டைப் பிழிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

குழாயைச் சரிசெய்த பிறகு ஒரு லாரி இரண்டு நாளைக்கு வந்தது. கடல்நீர் ஏற்றும் வேலையும் நின்றது. மாசக் கடைசியில் கிளாட்வினுக்கு வேலை நிரந்தரமாகி, ஆக்னஸ் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

குலை போனது போனதுதான். ஒரு பக்கக்கன்று மட்டும் பிழைத்தது. ஆபீசில் எல்லோரும் கைகழுவுகிற தண்ணீரை வாளியில் பிடித்து மேனேஜரே தினமும் அதற்குத் தூக்கிக்கொண்டு போகிறார். கிளாட்வினும் பின்னாலேயே போய் நிற்பார்.

"பாதி வாளி போதும் சார்."