அனிஷ் சொன்ன ‘வேண்டாம்’

மனதில் காயம்பட்டவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தே யோகா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சி அது. தக்கலையில் அன்று கடைசித் தேர்வு. யாரையும் அதட்டக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது. கணவனை அதட்டியே வேலை வாங்கிப் பழகிய ரெஜிஷாவுக்கு அதுதான் பயம். தேர்வில் அவளுக்கு மாணவராக உட்கார வேண்டிய அவளுடைய அக்கா வராததால், ரெஜிஷா முன்னால் உட்கார்ந்திருந்ததும் அந்தக் கணவன் அனிஷ்தான்.

“விருப்பம் இருந்தா கையை உயர்த்தலாம்,” என்றாள் குரலில் தேன் குழைத்து.

“விருப்பம் இல்லை,” என்றான் அனிஷ்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“சரி. உங்க தோளைத் தொடலாமா?”

“வேண்டாம்.”

அவனைக் கிள்ள விரல் துடித்தது. “நல்லது. அப்படியே சும்மா இருக்கலாம்,” என்று சிரித்தபடி கையை இழுத்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் கைதட்டினார். “மத்த மாணவங்க எல்லாத்துக்கும் தலையாட்டிட்டாங்க. வேண்டாம்னு சொன்னா ஆசிரியர் எப்படி ஏத்துக்கிடுதாருன்னு இங்கதான் பார்க்க முடிஞ்சுது. நீங்க பாஸ்!”

வெளியே வந்ததும் ரெஜிஷா அவன் காதைத் திருகினாள். “நான் பாஸாகணும்னுதான் அப்படிச் சொன்னியளா?”

“இல்லட்டி! கல்யாணம் முடிஞ்சு இன்னைக்குதான் வேண்டாம்னு சொல்ல ஒரு சான்ஸ் கிடைச்சுது. விடுவேனா?”