ஓரகத்திப் படிகம்

காலையிலிருந்தே மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. எதிர் மேசையருகே நின்ற ஓரகத்தியால் வந்த எரிச்சல் அது.

அண்ணனுக்கு ஒருத்தி, தம்பிக்கு ஒருத்தி என்று ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். வேலையும் ஒரே மருந்துக் கம்பெனியின் ஒரே ஆய்வுக்கூடத்தில். இளையவளுக்காகச் சிபாரிசு பண்ணி உள்ளே சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று கணவனிடம் புலம்பாத நாளில்லை.

மூத்தவள் வருஷக்கணக்காக ஒரு வலிப்பு மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அருமையான மருந்துதான், ஆனால் தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. விழுங்கினால் முக்கால்வாசி அப்படியே வெளியே போய்விடும். மாவாகப் பொடித்துப் பார்த்தாள், உப்பாக மாற்றப் பார்த்தாள். ம்ஹூம்.

போன வாரம் இளையவள் அதே மருந்தோடு, ஆப்பிளில் இருக்கும் புளிப்பான மாலிக் அமிலத்தைச் சேர்த்து, கல்வம் என்ற சின்ன உரலில் அரைத்தாள். எக்ஸ்ரே கருவியில் வைத்தால், மருந்துக்கும் சேராத, அமிலத்துக்கும் சேராத புதுக் கோடுகள்! புதுப் பொருள் ஒன்று பிறந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் போட்டதும் சமர்த்தாகக் கரைந்தது.

"இதுவும் உப்புதானேம்மா?" என்று கேட்டார் மேலாளர். எதைச் சொன்னாலும் "சரி, அடுத்தது?" என்று கேட்பதால் அவருக்கு 'அடுத்தது சார்' என்றே பெயர்.

"இல்ல சார். உப்புன்னா ஒண்ணு கொடுக்கும், ஒண்ணு வாங்கும். இதுல கொடுக்கல் வாங்கலே கிடையாது. ரெண்டும் அதது குணத்தோட, ஒரே வீட்ல கையைக் கோத்துக்கிட்டு இருக்கும். கூட்டுப் படிகம். அக்காவும் நானும் மாதிரி. ஓரகத்திப் படிகம்னு வச்சுக்கோங்களேன்."

ஆய்வுக்கூடமே சிரித்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. மூத்தவளும் சிரித்து வைத்தாள். 'கையைக் கோத்துக்கிட்டோமாம்ல! யாரு கோத்தா?'

இன்று அதையே மறுபடி செய்து காட்ட வேண்டும். இளையவள் அரைத்தாள், வைத்தாள், பார்த்தாள். மருந்தின் கோடுகள் தனியாக, அமிலத்தின் கோடுகள் தனியாக. இன்னொரு தரம் அரைத்தாள். அப்பவும் அதே.

"அக்கா, அதே மருந்து, அதே அமிலம், அதே கல்வம். ஏன்க்கா வரல?"

"எனக்கென்னம்மா தெரியும்? கைராசிக்காரி நீதானே."

தெரியும். காலையில் இளையவள் கையுறை போட்டுக்கொண்டு, உலர்த்தும் அடுப்பிலிருந்து கல்வத்தை எடுத்தபோதே மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது. கல்வத்தை ஆல்கஹாலில் கழுவி அடுப்பில் உலர்த்த வேண்டும் என்பது விதி. போன வாரம், "சீக்கிரம் கொடுங்கக்கா" என்று அவள் பறந்த பறப்பில், "இந்தா, பிடி" என்று மூத்தவள் ஆல்கஹால் ஈரத்தோடு நீட்டிவிட்டாள். அந்த ஈரம்தான் இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது. இன்று கல்வம் காய்ந்து கிடக்கிறது.

'அரை, நல்லா அரை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்தது சார் வந்தார். "வந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்போ போன வாரம் பார்த்தது ஏதோ அழுக்கு. இந்த மருந்தையே மூடிடலாம். சரி, அடுத்தது?"

"மூடறதா?" மூத்தவள் பதறிப்போனாள். "சார், அது என் மருந்து!"

"கரையாத மருந்தை வச்சு என்னம்மா பண்றது? கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பார்க்கவா?"

வாயைத் திறந்தால் இளையவள் ஜெயிப்பாள். திறக்காவிட்டால் தன் மருந்து குப்பைக்குப் போகும். இளையவளோ கண் கலங்கி நிற்கிறாள். அந்த அழுகைகூட அவளுக்கு அழகாக இருந்து தொலைத்தது.

"தள்ளு அந்தப் பக்கம்" என்றாள் மூத்தவள். கல்வத்தில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, ஆத்திரத்தையெல்லாம் குழவியில் காட்டி அரைத்தாள். கருவியில் வைத்தால், வரிசையாக எழுந்து நின்றன புதுக் கோடுகள்.

"அடேங்கப்பா! இது யாரோட யோசனை?"

'என்னோடதுதான்' என்று மூத்தவள் வாயெடுப்பதற்குள் இளையவள் முந்திக்கொண்டாள். "அக்காதான் சார். போன வாரமும் அவங்க கொடுத்த கல்வத்துல இருந்த ஈரம்தான் வேலை செஞ்சிருக்கு. எனக்கே இப்பதான் உறைக்குது. அவங்க பேரைத்தான் முதல்ல போடணும்."

"என்ன பெரிய மனசும்மா உனக்கு!" என்று உருகினார் அவர். "இந்தக் காலத்துல யாரு இப்படி விட்டுக் கொடுப்பா?" எல்லோரும் இளையவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மூத்தவள் குழவியும் கையுமாகத் தனியே நின்றாள். 'பேரை எனக்குத் தள்ளிட்டு, பெருமையை அள்ளிட்டுப் போறாளே, படுபாவி!'

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இளையவள் வந்து அவள் தோளைப் பிடித்தாள். "என்னக்கா, இப்ப சந்தோஷம்தானே?"

"சந்தோஷத்துக்கு என்னம்மா குறைச்சல்?" என்று சொல்லிவிட்டு, துடைத்த குழவியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.