லீவர் துப்பாக்கிக்கு ஒரு கடிதம்

டுமீல்! டுமீல்!

இரண்டு குண்டுமே குறி தப்பின. ஆடுகள் அலறிக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்க, காட்டுப்பன்றி வேலியோரமாக ஓடிக்கொண்டே இருந்தது. அதன் வாயில் ஆட்டுக்குட்டி. காலையிலிருந்து இது மூன்றாவது குட்டி.

என் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்துத் திறந்தேன். எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம்; விரல்கள் மரத்திருந்தன. புதுத் தோட்டா நழுவிப் புல்லில் விழுந்தது.

அப்போது எனக்கு வலப்பக்கம் தூரத்திலிருந்து வேறொரு துப்பாக்கி பேசியது. டுமீல். கிளக்-கிளக். டுமீல். கிளக்-கிளக். டுமீல். மூன்றாவது குண்டில் பன்றி குப்புற விழுந்து உருண்டது.

"யோவ் வாரிக்! கீழ போட்டதப் பொறுக்கிட்டியா? இல்ல, நானும் வந்து தேடணுமா?"

நெரிடா. பிக்கப் வண்டியை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறாள். விசைக்கு அடியில் வளையம் போலிருக்கும் லீவரைக் கீழே தொங்கவிட்டபடி துப்பாக்கியை முழங்கையில் சாய்த்திருந்தாள். லீவர் தொங்கினால் உள்ளே தோட்டா இல்லை என்று இருபது அடியிலேயே தெரியும். வேலி தாண்டும்போது யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"நாளைக்குத்தானே வர்றதா சொன்ன?"

"உன் குறி எப்படின்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாள் விட்டா மந்தையே மிஞ்சாது. ஆமா, என்ன, ஷேவ் எல்லாம் பண்ணியிருக்க?"

"தாடி அரிச்சுது."

ஆறு வருடங்களுக்கு முன்புவரை அவள் பக்கத்துப் பண்ணைக்காரி. அண்ணன் நிலத்தை விற்றதும் டப்போ நகரத்துக்குப் போய்விட்டாள். மாட்டு டாக்டரின் கிளினிக்கில் வேலை. நிலமில்லாதவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் ஆபீஸில் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தை நான்தான் வருடாவருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்: 'என் நிலத்தில் வேட்டையாட நெரிடாவுக்கு அனுமதி உண்டு.' அதை வாங்க அவள் ஆடுகள் ஈனும் வாரத்தில் வருவாள். ஐந்து நாள் தங்குவாள். மீதி முந்நூற்று அறுபது நாளும் நான் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் டீ குடிப்பேன்.

கேட்டில் நின்ற அவள் வண்டியின் பின்பலகையில் சாஸேஜையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள்.

"அடிச்சுப் பாரு. வேலியில தொங்குற அந்தத் தகரத்த."

தோளில் வைத்தேன். இடது கைக்காரியான அவளுக்கு எப்படிப் பொருந்துமோ, எனக்கும் அப்படியே பொருந்தியது. லீவர் நட்டநடுவில் இருக்கிறது. எந்தக் கையானாலும் ஒன்றுதான். சுட்டேன். லீவரைத் தள்ளி இழுத்தேன். வெற்றுத் தோட்டா மேலே துள்ளிப் போனது. தோளிலிருந்து எடுக்காமலே அடுத்தது தயார். ஐந்தையும் சுட்டுத் தீர்த்துவிட்டு உரக்கச் சிரித்தேன்.

"பாத்தியா! அஞ்சு தடவ. கையுறை போட்டுக்கிட்டேகூட அடிக்கலாம். நீ ரெண்டு சுட்டுட்டு மடக்கித் திறக்கறதுக்குள்ள பன்னி பக்கத்து ஊருக்கே போயிடும். ஒண்ணு வாங்கித் தொலையேன்யா."

"எனக்கு இதெல்லாம் ஒத்து வராது."

பொய். டவுன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறது. நான்கு முறை உள்ளே போய்க் கையில் எடுத்துப் பார்த்து, லீவரை ஆட்டி, திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை வாங்கிவிட்டால், 'பன்றி தொல்லை தாங்கல, வர்றியா?' என்று யாருக்குப் போன் செய்வது?

இந்தத் தடவை சொல்லியே ஆகவேண்டும். ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"நெரிடா, நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டேன். முட்டி ரெண்டும் போச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து நிலம் ஒரு கம்பெனிக்காரன் கையில, கோதுமை போடப்போறான். வீடு மட்டும் எனக்கு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"வெளியாள் யாரும் துப்பாக்கியோட உள்ள வரக்கூடாதாம். அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கான்."

"சரி."

"சரியா? என் கையெழுத்து இனிமே செல்லாது. உன் லைசென்ஸுக்கு வேற எவனையாவது பாத்துக்கணும். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்ல வரல. இனிமே நீ இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வர வேண்டிய அவசியமே இல்ல."

அவள் வெற்றுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. குளிரில் என்று நினைத்தேன்.

"நான் டப்போ வேட்டை கிளப்புல சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு, வாரிக். லைசென்ஸுக்கு அந்த மெம்பர் கார்டே போதும். அதுக்கப்புறம் உன் லெட்டர் ஒண்ணுகூட அந்த ஆபீஸுக்குப் போகல."