ரூஃபஸ் போட்ட பச்சைக் கோடு

கோட்டைப் போட்டது சாட்சாத் ரூஃபஸேதான். வாஷிங்டனுக்கு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகளின் எல்லையை மாற்ற வந்த குழு, நகர மண்டபத்தில் கூட்டம் போட்டு, "உங்கள் பேட்டை எதுவரைக்கும்? நீங்களே வரைந்து காட்டுங்கள்" என்று வரைபடத்தை விரித்துப் பச்சைப் பேனாவை நீட்டியது.

முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை. பேருந்து போன தடத்தையே வரைந்துவிட்டது. தாழ்வான ரயில் பாலத்தடியில் பேருந்து நுழையாது, திரும்பிவிடும். கோடும் திரும்பியது. அலபாமாவில் யார் பேச்சையும் கேட்காத குழு, ஒரு குடிமகன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட அதிசயம் அன்றுதான் நடந்தது.

பாலத்துக்கு அப்பால் இருந்த, அதே பேட்டையைச் சேர்ந்த நாற்பது வீடுகள், அறுபது மைல் தள்ளியிருக்கும் பண்ணைக்காரர்களின் தொகுதியோடு சேர்ந்தன. அங்கே அந்த நாற்பது வீட்டு ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். வாக்குச்சாவடியும் மாறியது. நாற்பதில் ஒன்று வெர்லீனின் வீடு. இருபத்திரண்டு வருஷமாகத் தேர்தல்தோறும் ரூஃபஸ் தேவாலய வேனை ஓட்டுவான். பக்கத்து இருக்கையில் பெயர்ப் பட்டியலோடு வெர்லீன். நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போய் ஓட்டுப் போட வைப்பார்கள்.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்த விருந்தில் அவளிடம் போய் நின்றான்.

"கோபமா, வெர்லீன்?"

"எனக்கென்ன கோபம்? அமெரிக்கா மேப்பையே மாத்துன ஒரே பஸ் டிரைவர் நீதான். உனக்குத் தபால்தலை போடுவாங்க."

"அதக் கேக்கல. கோட்டத் திருத்தச் சொல்லிக் குழுவுக்கு மூணு கடுதாசி போட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"கருத்துக்கு நன்றின்னு வந்துச்சு."

"பாரேன், நன்றியாவது சொன்னாங்க. கோழிய எடுத்துக்க, ஆறிப்போகுது."

செவ்வாய் காலை வேனை அவள் வாசலில் நிறுத்தினான். வேன் அந்தப் பாலத்தடியில் தாராளமாக நுழைந்து வந்திருந்தது. வெர்லீன் கோட்டு மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரின் காருக்காகக் காத்திருந்தாள்.

"உன்ன முதல்ல புதுச் சாவடிக்குக் கூட்டிட்டுப் போறேன். பதினோரு மைல்தான். அப்புறம் மத்தவங்கள ஏத்திக்கலாம். உன் சீட்டு காலியாத்தான் இருக்கு." அவள் எதிர்வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது சொல்லேன். கோபம்னா கோபம்னு சொல்லிடு, தாயே."

வெர்லீன் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமா ரூஃபஸ், கோபந்தான். அன்னிக்கு மண்டபத்துல உன் பின்னாடிதான் நின்னேன். நீ கோடு போட்டத முழுசாப் பாத்தேன். எங்க தெரு விட்டுப்போச்சேன்னு நீயா திரும்பிப் பாப்பியான்னு காத்துட்டிருந்தேன். நீ கைதட்டு வாங்கிட்டுப் போய் உக்காந்துட்ட. நான் வாயத் தொறந்திருக்கலாம், வீம்பு, தொறக்கல. அது என் தப்பு. ஆனா இன்னிக்கு உன்கூட வர எனக்கு மனசில்ல. நீ போ."